முதல் இடத்தில் ஒரு கேத்தில்

எந்த விண்ணப்பமும் உரிய அதிகாரி ஊடாகவே வரவேண்டும் என்று எழுதி எழுதியே உத்தியோக காலத்தைக் கழித்தவள் நான். ஓய்வு பெற்ற பின்னும், கடையில் வரிசை குழம்பினால் எனக்குப் பொறுக்காது. ஆனால் என் வாழ்வில் நான் சமர்ப்பித்த முதல் விண்ணப்பம் ஒரு ஒழுங்குவிதியையும் மதிக்கவில்லை. அது ஒரு தேநீர்க் கேத்திலில் போனது.

எங்கள் ஊர் வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசி நாள் குளிர்த்தி. அம்மனின் வெக்கை தணியப் பாடி, வேப்பிலையால் தெளித்து, அந்தத் தண்ணீரை ஊரார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்காகச் சந்நிதியில் குடிவாரியாகக் குடம் வைக்கவேண்டும். எந்தக் குடியின் குடம் முதலில் என்பதில்தான் வினையே.

குடி என்பது தாய்வழி வரும் வம்சம். ஆகவே எங்கள் வீட்டில் அப்பா விருந்தாளி மாதிரி. அம்மாவின் தமையனான பெரிய மாமாவே எல்லாம். ஒரு சடங்கில் எங்கள் குடத்தை யாரோ பின்னுக்கு நகர்த்திவிட்டார்கள் என்று மாமா கோயிலை ஒதுக்கிவைத்தார். அம்மனிடம் இதுபற்றி அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. அவரும் போகமாட்டார், அவருடைய சகோதரிகளும் போகக்கூடாது. மற்றக் குடியாரோ சண்டைக்குப் பயந்து அந்த இடத்தில் தங்கள் குடத்தை வைக்கவில்லை. சந்நிதியின் முதல் இடம் வருடா வருடம் வெறுமையாகக் கிடந்தது. மாமாவுக்கு நித்திரையும் போய்விட்டது. நாங்கள் எழும்பும்போது அவர் முற்றத்தில் நடந்தபடி யாருக்கோ காரசாரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எதிரே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்த வருடம் குளிர்த்தி நேரம் பார்த்துத் தம்பிக்கு அம்மாள் வருத்தம் கண்டது. உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம், காய்ச்சலில் கண் திறக்கவில்லை.

“குளிர்த்தித் தண்ணி ஒரு வாய் குடுத்தா எழும்பிருவான், அண்ணன்” என்றாள் அம்மா.

“வேப்பில நம்மட வளவிலயும் இருக்கு” என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போனார்.

“அவர்ட ரோசம் பெரிசு. என்ட புள்ள சின்னன்” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு விஷயம் சிக்கலாகவே தெரியவில்லை. தண்ணீர் அம்மனிடம் இருக்கிறது, கேட்டால் தருவா. குடம் என்னால் தூக்க முடியாது. ஆகவே அடுப்படியில் கிடந்த கரி பிடித்த கேத்திலை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். இன்றைய சுகாதாரப் பரிசோதகர் என்றால் என்னை வாசலிலேயே மறித்திருப்பார்.

சனத்தின் கால்களுக்கிடையே புகுந்து முன்னுக்கு வந்தேன். மாவிலையும் தேங்காயும் வைத்த குடங்கள் மினுங்கிக்கொண்டு நின்றன. முதல் இடம் வெறுமையாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று கேத்திலை அங்கே வைத்தேன்.

பாட்டு நின்றது.

“பாத்தீங்களா வேலைய! தான் வர வெக்கம், புள்ளைய விட்டு இடம் பிடிக்கார்” என்றார் அடுத்த குடிப் பெரியவர்.

“குடம் கிடைக்கல்லையாக்கும், கேத்தில் வந்திருக்கு” என்று ஒருவர் சொல்ல, சிரிப்பும் கூச்சலுமாயிற்று. யாரோ மாமாவிடம் ஓடினார்கள்.

பூசை செய்யும் கட்டாடியார் குனிந்தார். “ஆர்ட புள்ளகா நீ?”

“தம்பிட அக்கா.”

“ஆர் அனுப்பின?”

“ஒருத்தரும் இல்ல. தம்பிக்கு அம்மாள். தண்ணி கேக்க வந்தன்.”

“ஆரிட்ட?”

இதென்ன கேள்வி என்று நினைத்து, அம்மனை மறைத்திருந்த திரைச்சீலையைக் காட்டினேன். “அவட்டதான்.”

கட்டாடியார் நிமிர்ந்து சனத்தைப் பார்த்தார். பிறகு பாட்டைத் தொடங்கினார். குளிர்த்தி முடிந்ததும் முதல் தண்ணீரைக் கேத்திலில் வார்த்தார்.

அப்போதுதான் மாமா வந்தார். பட்டு வேட்டி இல்லை, சால்வை இல்லை. வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு, இப்படியொரு சூழ்ச்சி தன்னுடையதல்ல என்று சபைக்கு நிரூபிக்க வந்திருந்தார். என்னை இழுத்துப் போகக் கை நீட்டினார்.

“மாமா, பாரமாக் கிடக்கு. தூக்குங்க” என்றேன்.

மாமா அடுத்த குடிப் பெரியவரைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு குனிந்தார். கேத்திலை இரண்டு கையாலும் தூக்கும்போது கட்டாடியாரின் வேப்பிலைத் தண்ணீர் அவர் முதுகில் விழுந்தது. அவர் உடனே நிமிரவில்லை. அடுத்த குடிப் பெரியவர் தன் குடத்தை ஓரமாக்கி, “பாத்து, சிந்தாமக் கொண்டுபோங்க மச்சான்” என்றார்.

வீட்டுக்கு வரும்வரை மாமா கேத்திலைக் கீழே வைக்கவில்லை. வியர்வை துடைத்த நெற்றியில் கேத்தில் கரி. தம்பியின் வாயில் தானே தண்ணீர் பருக்கினார். பிறகு அவனருகே வெறும் பாயில் சரிந்தவர், பட்டப்பகலில் குறட்டை விட்டார்.

அம்மா கேத்திலை எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் வார்த்து, தூங்கும் மாமாவின் தலையில் மெல்லத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லையே, தம்பிக்கு நான் கேட்டு வாங்கிய தண்ணீரை ஏன் வீணாக்குகிறாய் என்று அவளோடு சண்டை பிடித்தேன்.