இறாலும் நத்தையும் மட்டும் ஏன் செத்தன?

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் மீன்களோடு இறால்களும் நத்தைகளும் வளர்க்கிறேன். போன வருடம் ஒரு மாதம் முழுக்க இறாலும் நத்தையும் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் சந்தேகம் வீடு துடைக்க வரும் செல்வியக்கா மேல் விழுந்தது. பினாயில் கையோடு தொட்டியைத் தொடுகிறார் என்று முடிவு கட்டினேன். தினமும் வேலை தொடங்கும் முன் கையைக் கழுவி என்னிடம் காட்டச் சொன்னேன். முகர்ந்துகூடப் பார்த்தேன்.

"பினாயில்னா மீனும்தானே சார் சாகணும்?" என்றார் ஒரு நாள். எதிர்த்துப் பேசுகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

அடுத்த சந்தேகம், இறால் விற்ற மன்னார்புரம் கடைக்காரர் மேல். சண்டை போடத்தான் போனேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "தொட்டியில தண்ணி குறைஞ்சா எதை ஊத்துறீங்க?"

"ஆர்.ஓ. தண்ணிதான். முதல் நாளே, புதுசா வாங்கின செம்புக் குடத்துல புடிச்சு வெச்சிடுவேன். நாங்க குடிக்கிறதும் அதுதான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செம்பு துளி கரைஞ்சாலும் இறால் தாங்காது சார், நத்தையும் தாங்காது. மீன் தாங்கிக்கும்."

தொட்டித் தண்ணீரை மாற்றினேன். குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி வந்தது. புதிதாக விட்ட இறால்கள் பிழைத்துக்கொண்டன. செல்வியக்காவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார்" என்றார்.

ஆனால் இன்றும் வேலை தொடங்கும் முன் இரண்டு கைகளையும் கழுவி என் முன்னால் நீட்டுகிறார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அந்தக் கைகளை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.