கொத்துரொட்டிக் கடைக்குள் போன பெனால்டி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் என்னை ‘ஜேர்மன்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே பந்து விளையாடியவன் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. விளையாடியது உண்மைதான். ஜேர்மனியில் ஒரு சிற்றூர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஊர்க் கழகத்தின் கடைசி அணியில் என்னை முன்வரிசையில் விட்டார்கள். பின்னால் விடப் பயம். என் ஆட்ட வாழ்க்கையின் ஒரே கோல், யாரோ அடித்த பந்து என் முதுகில் பட்டு உள்ளே போனது. அப்போது நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

லண்டனுக்கு வந்து கல்யாணம் கட்டியதும் மனைவியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒருக்காவது நீங்கள் கோல் அடிக்கிறதை நான் பாக்க வேணும்" என்றாள்.

அந்த ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

போன கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டு விழா வந்தது. ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தவர்களுக்கும் பிரான்சிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு போட்டி, ஐம்பது தாண்டியவர்களுக்கு மட்டும். ஜேர்சி என் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியில், "ஜேர்மனியின் முன்னாள் முன்வரிசை வீரர்!" என்று முழங்கினார். நானும் வெட்கமில்லாமல் கையசைத்தேன்.

கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

"அண்ணை, நீங்கள்தானே ஜேர்மன் பிளேயர். அடியுங்கோ."

கூட்டத்தில் மனைவியைத் தேடினேன், காணவில்லை. நடுவர் விசிலை ஊதிவிட்டார். வெகுதூரத்திலிருந்து ஓடிவந்து அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து மைதான ஓரத்தில் போட்டிருந்த கொத்துரொட்டிக் கடைக்குள் விழுந்தது. கொத்துச் சத்தம் நின்றது. காலையிலிருந்து ஓயாத அறிவிப்பாளரும் வாயை மூடினார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். கொத்துரொட்டி வரிசையில் நின்ற என் மனைவி பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"ஐயோ, நான் பாக்கேல்லையே!" பந்தைப் பெனால்டிப் புள்ளியில் வைத்தாள். "இன்னொருக்கா அடியுங்கோ."

"கோல் காக்க ஆளில்லையே."

"அது நல்லதுதானே."

அடித்தேன். ஆளில்லாத கோலிலும் பந்து கம்பத்தில் மோதி, கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே போனது. அவள் துள்ளித் துள்ளிக் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு மூலைக் கொடியை நோக்கி ஓடினேன். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நொண்டியபடியே ஓடினேன், கைகளை மட்டும் இறக்கவில்லை.