பத்மாவின் ஈரப் பாவாடை

பெருமாளைக் கும்பிடும் பிள்ளைகளே, என் மகள் பத்மாவைப் பெருமாள் காப்பாற்றியதை உங்களுக்குச் சொல்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது நைனா. என்ன மாதிரி யாராச்சும் படிப்பாங்க" என்றாள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், விஜயபுரத்துக்குப் பக்கம். வேர்க்கடலை கைகொடுக்கவில்லை. நானும் கம்பெனி வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு.

பத்மா மூன்றாம் வகுப்பு. பகலிலேயே அவள் பாவாடை நனைந்துவிடும். அவசரம் என்று தெரிந்த மறுநொடியே வந்துவிடும். சட்டென்று குந்தி, குதிகாலால் அழுத்தி அடக்கிப் பார்ப்பாள். அப்படியும் நிற்காது. வகுப்பில், "ஏரி ஒடையுது, தள்ளிக் குந்துங்கடா!" என்று கத்துவார்கள். அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். நாக்கு வறண்டு கிடக்கும், ஆனாலும் நனையும். பள்ளிக்கூட மேடம் என் மனைவி குமாரியைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா வீட்டிலேயே வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

நாராயணவனம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டோம். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு மூவரும் கோயிலை வலம் வந்தோம். எங்களைப் போலவே இன்னும் பலர், தண்ணீர் சொட்டச்சொட்ட நடந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பத்மா சிரித்தாள்.

"எல்லாரும் நனைஞ்சிருக்காங்க. இங்க யாருக்கும் தெரியாது இல்ல, நைனா?"

குழந்தைப் பேச்சு என்று நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மேடம் கூப்பிடவில்லை. கேலியும் நின்றது. பாவாடை ஏன் ஈரம் என்று குமாரி கேட்டால், "தட்டு கழுவறப்ப நனைஞ்சிடுச்சி" என்பாள். மதியச் சோறு தின்றதும் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் உள்ள குளத்தில்தான் தட்டு கழுவுவார்கள். வேண்டுதல் பலித்தது என்று தேங்காய் உடைத்தேன்.

அந்த வருஷம் மழை விடவில்லை. குளம் படிப்படியாக ஏறியது. ஒருநாள் கம்பெனிக்கு லீவு. மத்தியானம் மகளைப் பார்க்கப் பள்ளிக்குப் போனேன். எருமை மேய்க்கும் முனியம்மா எதிரே ஓடி வந்தாள்.

"யோவ், உன்னத்தான் தேடிக்கினு வரேன்! உன் பொண்ணு தெனிக்கும் இடுப்பு வரைக்கும் எறங்கி நிக்குது. நான் சொன்னா கேக்கல. இன்னிக்கித் தண்ணி மேல ஏறிக்கிது, படியெல்லாம் பாசி!"

ஓடினேன். கரையில் யாரும் இல்லை. தட்டு மட்டும் மிதந்தது. வானம் கறுத்து, தண்ணீரும் கறுப்பாக இருந்தது. பெருமாளே என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை.

நடுவில் எருமைகள் படுத்துக் கிடந்தன. தலை மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றின் கொம்பைச் சின்னக் கை ஒன்று பிடித்திருந்தது.

குதித்துத் தூக்கி வந்தேன். உதடு நீலம். இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள்.

"ஏன்டி கண்ணு எறங்கின?"

"முழுசா நனைஞ்சா யாருக்கும் தெரியாது இல்ல, நைனா. கோயில்ல அப்படித்தான..."

பிள்ளைகளே, அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

மூச்சிரைப்பு அடங்காததால் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே டாக்டரம்மாவிடம் பாவாடை விஷயத்தையும் சொல்லி அழுதேன். அவர் பத்மாவைப் பார்த்தே பேசினார்.

"இது உன் தப்பு இல்லம்மா. மூத்திரப்பை நிறையறதுக்கு முன்னாடியே இறுக்கிக்குது. இதுக்கு மருந்து இருக்கு."

சிறுநீர் சோதித்து, ஸ்கேன் எடுத்தார்கள். முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்தார்கள். அடக்காமல் நேரத்துக்கு நேரம் போய்வரச் சொன்னார்கள். தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றார்கள். அதுவும் போதாமல்தான் மாத்திரை கொடுத்தார்கள். வாய் வறளும், வேர்வை குறையும், வெயிலில் ஆடவிடாதே, நீயாக நிறுத்தாதே என்று எச்சரித்தார்கள்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மதியம் ஆனால் எனக்குக் குளமே கண்ணில் நிற்கும். வேலையில் கை ஓடாது. மேடத்திடம் டாக்டர் சீட்டைக் காட்டியதும், கேட்காமலே வெளியே போய்வர விட்டார்கள். மெல்ல மெல்ல ஒருநாள் பாவாடை நனையாமல் இருந்தது, பிறகு இரண்டு நாள். பல மாதம் கழித்து டாக்டரம்மாவே மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்.

நன்றி சொல்ல மறுபடி நாராயணவனம் போனோம். நான் ஈரத்துணியோடு வலம் வந்தேன். பத்மா காய்ந்த பாவாடையோடு முன்னால் நடந்தாள். இன்றைக்கும் அவள் எருமையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவாள். எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

நான் கேட்டது ஈரம் நிற்கவேண்டும் என்று. பெருமாள் முதலில் உயிரைக் கொடுத்தார், பிறகு வைத்தியத்தைக் காட்டினார். அவரை நம்புங்கள் பிள்ளைகளே. உங்களுக்கு இப்படி இருந்தால் பெருமாளிடம் சொல்வதை அம்மாவிடமும் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் யாராவது தனியாகக் குளத்துப் படியில் இறங்கினால் கேலி செய்யாதீர்கள். முனியம்மாவைப் போல் ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.