முப்பத்தெட்டு கார் தூரம்

மெத்தைக்கடைக்காரருக்கு உயிர் இரண்டு. ஒன்று மனைவி, இன்னொன்று கடை வாசலில் நிற்கும் வெள்ளைக் கார். வரிசையை மாற்றிச் சொல்பவர்களும் தெருவில் உண்டு. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

அந்தக் கார் பெரும்பாலும் நிற்கிற கார்தான். காலை ஏழு மணிக்கு ஈரத்துணியால் துடைப்பார், கண்ணாடியில் தன் மீசையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார், அதோடு சரி. வெளியே எடுத்தால் திரும்பி வருவதற்குள் இடம் பறிபோய்விடும் என்று பயம். பஞ்சு வாங்கப் போவதென்றாலும் பஸ்ஸில்தான் போவார். "இடத்தை விட்டுட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா?" என்பார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ஏழு மாதத்துக்கு முன்னால் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. "தினமும் அரை மணி நேரம் நடந்தே ஆகணும்மா" என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார். எங்கே நடப்பது? தெருவின் இரண்டு பக்கமும் கார். நடைபாதை என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது, ஆனால் எல்லாக் காரும் அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்கும். மிச்சத்தில் ஒல்லியான பூனை போகலாம். ரோட்டில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஹாரன். ஆகவே அவள் கடைக்குள்ளேயே நடந்தாள். ஒற்றை மெத்தை அடுக்கிலிருந்து இரட்டை மெத்தை அடுக்குவரை பதினாலு அடி, திரும்பினால் பதினாலு அடி. வாங்க வந்தவர்கள் அவளையும் வாங்க வந்தவள் என்றே நினைத்தார்கள். "பாவம், ரொம்ப நேரமா முடிவு பண்ண முடியாமத் தவிக்கறீங்க போல. இதை எடுங்க, முதுகுக்கு நல்லது" என்று அவள் கடை மெத்தையை அவளிடமே சிபாரிசு செய்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும். தங்கையால் வர முடியாது, படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு அரை மணி நேரம் நகர வழியில்லை. இருபது வருஷமாக ஒரு நாள் தவறாமல் முகம் பார்த்துக்கொண்டவர்கள், இந்த ஏழு மாதமாகப் போனில்தான் பேசுகிறார்கள். இரண்டு வீடும் ஒரே தெருவில், ஒரே வரிசையில். நடுவில் முப்பத்தெட்டு கார்.

"இவ்வளவுதானே? நான் கூட்டிட்டுப் போறேன், ஏறு" என்று ஒரு நாள் காரை எடுத்தார். அவரைப் பொறுத்தவரை இது பெரிய தியாகம். தங்கை வாசலில் நிறுத்த இடமில்லை. அப்படியே நிறுத்தி இறக்கிவிடலாம் என்றால், அவள் காலை மடக்கி இறங்கவே ஒன்றரை நிமிஷம் ஆகும். அதற்குள் பின்னால் வந்தவன் ஹாரனிலேயே அவருடைய பரம்பரையை விசாரித்தான். சரி, ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று போனார். நாலு சுற்று சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் தங்கை வாசலில் நின்று கையசைத்தாள், அக்கா கண்ணாடிக்கு உள்ளிருந்து கையசைத்தாள். கப்பலில் வழியனுப்புகிற மாதிரி. நாற்பது நிமிஷம் கழித்து வீடு திரும்பினால், அவருடைய இடத்தில் ஒரு மஞ்சள் வேன்.

"பாத்தியா? இந்தத் தெருவுல பார்க்கிங் பத்தலை!" என்று கொதித்தார்.

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொதிப்பு அடங்குவதற்குள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கடை இருக்கும் பக்கத்து கார் வரிசையை எடுத்துவிட்டு, நடைபாதையை அகலப்படுத்தி, ஒட்டினாற்போல் சைக்கிள் பாதையும் போடப்போகிறார்களாம். கார்களுக்குப் பின்தெருவில் பழைய மரக்கிடங்கு, நடந்தால் நாலு நிமிஷம். மெத்தைக்கடைக்காரர் காலில் வெந்நீர் கொட்டியவர்போலக் குதித்தார். இரண்டே நாளில் பார்க்கிங் பாதுகாப்புக் குழு முளைத்தது. அவர் தலைவர். கையில் ஒரு ஒலிபெருக்கி.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்தில் தலைவர் முழங்கினார். "மெத்தை வாங்கறவன் அதை சைக்கிள்ல வச்சுக் கட்டிட்டா போவான்?"

கைதட்டல் அடங்கியதும் கணக்கு டீச்சர் எழுந்தார். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர், பாதை வேண்டும் என்ற கட்சிக்கு அவர்தான் வாய். "நீங்கதான் வேன்ல வீட்டுக்கே அனுப்பறீங்களே சார். எனக்கும் அப்படித்தானே வந்துச்சு? 'டெலிவரி இலவசம்'னு வாசல்லயே போர்டு வச்சிருக்கீங்களே."

மண்டபமே சிரித்தது. மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைவர் அந்த போர்டைக் கழற்றி மெத்தைகளுக்குப் பின்னால் ஒளித்தார். வியாபாரம் குறைந்தது. நான்காம் நாள் ஒன்றும் தெரியாதவர்போலத் திரும்ப மாட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கை தூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் பலத்தைக் காட்ட வேண்டும் என்று குழு ஒரு கார் ஊர்வலம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவிலுள்ள அத்தனை காரும் கொடி கட்டி, ஹாரன் அடித்து, நகராட்சி அலுவலகம்வரை போய்த் திரும்புவது. இந்த யோசனை தலைவருடையது. வராதவர்களை வீடு வீடாகப் போய்க் கிளப்பியவரும் அவரே. "ஒரு வண்டிகூடத் தெருவுல நிக்கக் கூடாது!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார். இதைத்தானே டீச்சரும் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதும் உறைக்கவில்லை. கோஷத்தை எல்லாம் காவலாளியிடம் போட்டார்கள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்க வண்டி நிறுத்தக் கூடாது" என்றார். ஆகவே இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பினார்கள்.

முதல் காரில் வந்த தலைவர் தெருமுனையில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தார். தெரு அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு அகலமா இது! பிள்ளைகள் சைக்கிளில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவருடைய இடத்தில் நகராட்சி இன்ஜினியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். தலைவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"மூணு வாரமா அளக்க முடியாமத் திண்டாடினேன் சார். இன்னைக்குத் தெரு காலியாகும்னு கேள்விப்பட்டு லீவுன்னும் பாக்காம ஓடி வந்தேன். எல்லா வண்டியையும் எடுக்க வச்சீங்களே, ரொம்ப நன்றி!"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜினியரின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கடை திறந்து கிடந்தது, உள்ளே மனைவியைக் காணோம். கண்ணை இடுக்கித் தேடியபோது அவள் தெரிந்தாள்.

தெருவின் கோடிப் பக்கம், நடைபாதை ஓரமாக, கைத்தடியை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள். முக்கால் தூரம் கடந்திருந்தாள். நாலு அடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி நாலு அடி. வலிக்கிறது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. தெருக்கோடியில் தங்கை, மாமியார் கூப்பிடும் குரலுக்கு ஒரு காதும் இந்தப் பக்கம் ஒரு கண்ணுமாக, வாசற்படியில் தவித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. "தலைவரே, நகருங்க! இடம் பிடிக்கணும்!"

தலைவர் காரைத் தெருமுனையில் குறுக்கே திருப்பி நிறுத்தினார். சாவியை உருவினார். ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"ஒரு பய உள்ள வரக் கூடாது! என் பொண்டாட்டி நடந்து போய்க்கிட்டிருக்கா. போய்ச் சேர்ற வரைக்கும் ஹாரன் சத்தம் கேட்டுச்சு, நடக்கறதே வேற!"

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மஞ்சள் வேன்காரன்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். அவள் வாசலை எட்டியதும் தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே திட்டுவது இவ்வளவு தூரம் கேட்டது. "தனியா வந்தியாடி நீ? விழுந்து வச்சா யாருடி தூக்கறது?"

மெத்தைக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. காரை அப்படியே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். பாதியிலேயே மேல்மூச்சு வாங்கியது. அவரும் இந்தத் தெருவில் நடந்து வருஷக்கணக்கு ஆகிறது. வாசலில் கொழுந்தியாள் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டி, "வாங்க அத்தான். இன்னைக்கு இடம் கிடைச்சுதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மனைவியும் வந்திருந்தாள், நடந்தேதான். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாதை வேண்டாங்கறவங்க கை தூக்கலாம்" என்றார் இன்ஜினியர். குழுவினர் எல்லோரும் தலைவரின் வலது கையையே பார்த்தார்கள். அது எழும்பவில்லை. அது எழும்பாததால் இன்னும் பத்துப் பதினைந்து கைகள் எழும்பாமல் போய், பாதை ஒன்பது கை வித்தியாசத்தில் ஜெயித்தது.

குழுவினர் வாசலில் மடக்கிப் பிடித்தார்கள். தலைவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "நான் என்னப்பா செய்ய? அவ என் கையைக் கெட்டியாப் பிடிச்சிருந்தா" என்றார். இன்றுவரை கேட்பவர்களிடம் இதையேதான் சொல்கிறார்.

தங்கையும் இதைத்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அக்கா நடந்து வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் எங்கடி பிடிச்சேன்?" என்றாள். "அவர்தான் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."