கம்பெனி மிஸ்ஸுக்கு வரும் போன்கள்

எங்கள் பள்ளியில் அவரைக் கம்பெனி மிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அது தலைமையாசிரியருக்கே சட்டென்று ஞாபகம் வராது. பள்ளியை விட்டுப் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு வேலைக்குப் போகக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் பாடம். கதவைத் தட்டுவதற்கும் நாற்காலியில் நேராக உட்காருவதற்கும் வாரத்தில் மூன்று பீரியடா என்று ஆசிரியர் கூட்டத்தில் நக்கலடித்த கணக்கு வாத்தியார் வேறு யாருமில்லை, நான்தான். மறுநாள் மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, உங்களை நாங்கள் எதற்காக வேலைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டார். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அறை வேதியியல் ஆய்வகத்தை ஒட்டியது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் இஸ்திரிப் பெட்டி, ஓர் அலமாரி. அலமாரி நிறைய வெள்ளைச் சட்டைகளும் கறுப்பு ஷூக்களும் எல்லா அளவிலும் இருக்கும். நல்ல துணி இல்லாத பிள்ளைகள் நேர்காணலுக்கு முதல் நாள் வந்து எடுத்துப் போவார்கள். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, விடுப்புக் கடிதம் எப்படி எழுதுவது, தெரியாததைத் தலை குனியாமல் எப்படித் தெரியாது என்று சொல்வது எல்லாம் அங்கே உண்டு. மேலதிகாரி கத்தினால் எதிர்த்துக் கத்தாமல் போய் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குக்கூட ஒரு நாள் ஒதுக்கியிருந்தார். அன்றைக்கு மேலதிகாரியாகக் கத்துவது அவரேதான். பக்கத்து வகுப்பில் என் பிள்ளைகள் முக்கோணத்தை விட்டுவிட்டு அவர் கத்துவதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

விண்ணப்பத்தின் அடியில், உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்று ஒரு கட்டம் வருமே, அதில் எங்கள் பிள்ளைகளுக்குப் போட ஆள் கிடையாது. அவர்கள் வீட்டில் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் எல்லோரும் மிஸ்ஸின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். இருபது வருடத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் போடும் இடத்திலிருந்தெல்லாம் அவருக்குத்தான் போன் வரும். ஒவ்வொரு கம்பெனியும் என்ன கேட்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார், அடுத்த வருட வகுப்புக்கு ஆகும் என்று. எழுதக் கை வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுவார். ஆசிரியர் அறையில் பக்கத்து மேஜை என்னுடையது. கேட்கக் கூடாது என்றாலும் காதை எங்கே கழற்றி வைப்பது?

இதில் ஒரு கொடுமை உண்டு. போன் செய்வது கம்பெனிகள் மட்டும்தான். வகுப்பில் வாயே திறக்காத பையனைப் பற்றி ஒரு வங்கி கேட்கும். அவன் மிஸ்ஸிடம் கடைசியாகப் பேசி ஒன்பது வருடம் ஆகியிருக்கும். நல்ல பையன், நேரம் தவறமாட்டான் என்று ஐந்து நிமிடம் புகழ்ந்துவிட்டு வைப்பார். வேலை கிடைத்ததா இல்லையா என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வராது. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று நான் திட்டினால், வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் எங்கே இருக்கும் சார் என்பார். சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பார். தனியாக இருக்கிற மனுஷிக்கு எதற்கு மூன்று அடுக்கு டப்பா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா போய்ச் சேர்ந்தபிறகு மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் ஒற்றை ஆள். லீவு நாட்கள்தான் சார் நீளம் என்று ஒரு தடவை சொன்னார்.

ஒரே ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. லிப்ட் மெக்கானிக். அப்பா அம்மா இல்லாமல் மாமா வீட்டில் இடிபட்டு வளர்ந்தவள். மிஸ்தான் அவளைத் தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டார். பத்து வருடமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஸ்குரூ டிரைவரோடு வந்து, மிஸ் வீட்டில் பழுதானதைச் சரிசெய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவாள். அந்த ஞாயிற்றுக்காக மிஸ் சனிக்கிழமையே ஒரு சுவிட்சையோ குழாயையோ தளர்த்தி வைப்பார். வெட்கத்தை விட்டு என்னிடம் ஒத்துக்கொண்ட ரகசியம் இது.

போன மாதம் ஒரு நாள் மதிய இடைவேளையில் போன் வந்தது. கடல் தாண்டிய ஊரில் ஒரு லிப்ட் கம்பெனி. பேசியவர் நம் மொழிக்காரர். அந்த மெக்கானிக் பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும், மூன்று வருட ஒப்பந்தம், இன்றைக்குள் பட்டியலை முடிக்க வேண்டும் என்றார். மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் போகப்போவது அவருக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ஆர்டர் கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தானே. அவள் பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தாள்.

கேட்டதற்கெல்லாம் மிஸ் பதில் சொன்னார். உயரத்துக்குப் பயப்படமாட்டாள், கயிற்றை இரண்டு முறை சோதிக்காமல் மேலே ஏறமாட்டாள், பொய் சொல்லமாட்டாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கம்பெனிக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு சின்ன சிக்கல் மேடம். சிபாரிசு பண்றவங்க சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதுங்கறது எங்க கம்பெனி விதி. இவங்க நெருங்கிய உறவுங்கற இடத்துலயும் உங்க பேரு, இதே நம்பர்தான் போட்டிருக்காங்க. பெரியம்மான்னு எழுதியிருக்காங்க."

வருடா வருடம் அதே விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் இவர். அதை மறக்கிற அளவுக்கு அந்தப் பெண் மக்கு இல்லை. உறவு என்ற இடத்தில் எழுத அவளுக்கு வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான். நேரில் பத்து வருடமும் மிஸ் என்று மட்டுமே கூப்பிட்டவள். மிஸ் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொன்னால் சிபாரிசு செல்லாது, அவள் வேலை போகும். இன்னொரு ஆளைத் தேட அவளுக்கு நேரமும் இல்லை.

"உறவெல்லாம் கிடையாதுங்க," என்றார் மிஸ். "நான் அவளுக்குப் பாடம் நடத்தின டீச்சர், அவ்வளவுதான். தெரியாம எழுதிட்டா."

அப்படியானால் ஒரு பிரச்சினையும் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டுக் காலியாக விட்டுவிடுகிறேன், நாளைக்கே ஆர்டர் போய்விடும் என்று அவர் நன்றி சொன்னார். மிஸ் போனை வைக்கவில்லை.

"அடிக்கறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒரு தடவை படிச்சுக் காட்டறீங்களா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் மிஸ்ஸின் முழுப் பெயரையும் படித்தார். பிறகு, உறவு, பெரியம்மா என்று படித்தார்.

"சரிங்க," என்றார் மிஸ். "அடிச்சிடுங்க."