கிணறு வரை ஒரு கோடு

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனதும் உள்ளங்காலில் ஏறும் சிமெண்ட் தரையின் சில்லிப்புதான், பீளமேட்டில் நான் படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் அறையை நினைத்தால் முதலில் வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி, நான் பத்தாம் வகுப்பு. கணக்கு டீச்சர் அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒரு வடிவியல் மென்பொருளை ஏற்றி வைத்திருந்தார். இரண்டு கோடுகளை வரைந்து, இரண்டையும் தொட்டுக் கேட்டால், அவை ஒன்றுக்கொன்று செங்குத்தா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

அந்த வருடம்தான் அன்னூர்ப் பக்கம் இருந்த எங்கள் விவசாயக் காட்டை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். தார் ரோட்டிலிருந்து "மூலமட்டமாக", அதாவது ரோட்டுக்குச் செங்குத்தாக, பின்னால் கிணறு வரை ஒரு கோடு. இந்தப் பக்கம் அப்பாவுக்கு, அந்தப் பக்கம் சித்தப்பாவுக்கு என்று பேச்சு. கயிறு கட்டியது அப்பா. சித்தப்பா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, என்னைக் காட்டிச் சிரித்தார்.

"நீங்க புடிச்சா என்ர பக்கம் தள்ளுமுங்ணா, நான் புடிச்சா உங்க பக்கம் தள்ளும். அம்மணி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் கல்லு நடலாம்."

ரோட்டோரம் ஒரு நீளம், கயிற்றோரம் ஒரு நீளம், இரண்டின் முனைகளுக்கும் இடையே குறுக்காக ஒரு நீளம் என்று சித்தப்பா டேப் பிடிக்க, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை வரைந்தபோது திரையில் நேராகத்தான் தெரிந்தது. கேட்டேன், செங்குத்து இல்லை என்று வந்தது. டேப் பிடித்ததில் வந்த சின்னப் பிசகாக இருக்கும் என்று கோணத்தையும் கேட்டேன். எங்கள் பக்கம் தொண்ணூற்று மூன்று டிகிரி. கிணற்றடிக்குப் போகும்போது அது சித்தப்பா பக்கம் பத்தடி தள்ளிவிடும்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால், இருவரும் கல்லோடு காட்டில் நின்றிருந்தார்கள்.

"நேரா இருக்குதா கண்ணு?" என்று அப்பாதான் கேட்டார்.

அவர் வேண்டுமென்றே தள்ளிக் கட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யார் முன்னாலும் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். அப்பா கட்டிய கயிறு கோணல் என்று சொல்ல நிறையப் பேச வேண்டும். நேர் என்று சொல்ல ஒரு சொல் போதும்.

"இருக்குதுங்ப்பா."

சித்தப்பா நோட்டைக்கூடக் கேட்கவில்லை. "அம்மணி சொன்னாச் செரி" என்று கடப்பாரையை எடுத்தார். எனக்கு அழுகையோ பயமோ வரவில்லை. கல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னாளில் இடம் பற்றாமல் சித்தப்பா தென்னையில் ஒரு வரிசையைக் குறைத்துக்கொண்டபோது, யாரோ மறுபடி அளந்து பார்க்கச் சொன்னார்களாம். எங்க அம்மணி கம்ப்யூட்டரில் பார்த்தது, தப்பு வராது என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது அந்தக் காடு வீட்டு மனை சைட்டுகளாகிவிட்டது. கல்லும் இல்லை, கிணறும் இல்லை, அப்பாவும் சித்தப்பாவும் இல்லை. சித்தப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மதியம் முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். கோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.