கோல் போடும் வரை செருப்பில்லை

அண்ணாமலையாருக்கு இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேண்டுதல் வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் என் மகளை எனக்கு எதிரியாக்கியது. அதற்குக் காரணமான ஆளை இன்றைக்குக் கடைத்தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன். சாமி கும்பிடுகிறவள் மனசில் இவ்வளவு கோபம் வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். வைத்திருக்கிறேன்.

அவர் இங்கே லாட்ஜ் நடத்துகிறவர். எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்குச் சட்டை, பூட்ஸ், வெளியூர் போக வேன் எல்லாம் அவர் தயவு. கோச்சே அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். என் மகள் அந்த அணியில் நடுவில் ஆடுகிறவள், எட்டாம் நம்பர். அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாடுகிற பெண்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். அதற்கு எங்கள் அணியிலிருந்து ஒரு பெண்ணுக்கு மட்டும் அவர் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். நான் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீடுகளில் கூட்டித் துடைக்கிறேன். என் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அந்தக் கடிதம் இல்லையென்றால் அவளுக்குக் கல்லூரி இல்லை.

அதனால் நானே லாட்ஜுக்குப் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, உன் பொண்ணு இந்த வருஷம் எத்தினி கோல் போட்டுக்கிறா?" என்றார்.

"தெரியலீங்க."

"எனக்குத் தெரியும். ஒண்ணு கூட இல்ல. நடுவுல நின்னுகினு டிராபிக் போலீஸ் மாதிரி கை காட்டினு இருக்கா. பந்து வந்தா பக்கத்துல இருக்கறவகிட்ட தள்ளி உட்டுடறா. கோல் போடறது யாரு? ஒம்பதாம் நம்பர் பொண்ணு. பைனல் வருதில்ல, அதுல ஒரு கோல் போடச் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் வேலை முடிந்து வரும்போது மைதானத்தில் நின்று பார்த்தவள்தான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். வந்ததும் சூடு பட்டவள்போல் இன்னொருத்திக்குத் தட்டிவிடுவாள். மற்ற நேரமெல்லாம் கத்தல். இவளை இப்படி வா, அவளை அப்படிப் போ. வீட்டுக்கு வந்ததும் நானே திட்டியிருக்கிறேன்: "வாய்க்கு இருக்கற தைரியம் காலுக்கு இல்லியாடி?"

லாட்ஜிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் அழுதேன். "ஸ்வாமி, என் பொண்ணு ஒரு கோல் போடற வரைக்கும் காலுக்குச் செருப்பு போட மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

சித்திரை மாத வெயில். செங்கம் ரோட்டுத் தார் எப்படியிருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். நாலாம் நாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

"வெளாட்டு உன் பொண்ணுக்கா, உனக்கா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். மகள் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து என் காலில் தடவினாள். தடவிக்கொண்டே கேட்டாள்.

"நான் கோல் போடற எடத்துல ஆடறவ இல்லம்மா. அது அண்ணாமலையாருக்காச்சும் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதது இல்ல. நீ போடு, போதும்."

"அப்ப நடுவுல யாரு இருப்பா? நீ வந்து நிக்கிறியா?"

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பைனல் எங்கள் ஊர் மைதானத்திலேயே நடந்தது. வேலூர்ப் பக்கத்து அணி வந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்த பக்கம் முழுக்க வெயில். மண் சுட்டதில் என்னால் அங்கே கால் வைக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் போய் உட்கார்ந்தேன். வந்த அணியின் கோச்சம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார், தலையில் தொப்பி, கழுத்தில் விசில். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அந்தம்மா வாயில் ஒரே வார்த்தைதான். "எட்டைப் பாரு! எட்டைத் திரும்ப உடாத! ஒம்பதை உடு, எட்டைப் புடி!"

என் மகளைத் திட்டுகிறார் என்று முதலில் அவர்மேல் கோபம் வந்தது. பிறகுதான் அந்தம்மா பார்த்த இடத்தையே நானும் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பின்வரிசைப் பெண் ஒருத்தி பந்தைத் தவறவிட்டு நின்றாள். மகள் அவளிடம் ஓடி, தோளில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அதற்கப்புறம் தவறவிடவில்லை. மகள் கை காட்டிய பக்கமெல்லாம் எங்கள் பெண்கள் நகர்ந்தார்கள். காட்டிய இடத்துக்குத்தான் பந்தும் கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒன்பதாம் நம்பர் பெண் கோல் போட்டாள். அவளுக்குப் பந்து கொடுத்தது வேறொருத்தி. அந்த வேறொருத்திக்குக் கொடுத்தது என் மகள். எதிர்ப்பக்க வெயிலில் லாட்ஜ்காரர் எழுந்து நின்று ஒன்பதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டம் முடிந்ததும் மகள் தண்ணீருக்காக என்னிடம் ஓடிவந்தாள். பாட்டிலைக் கொடுக்க நிழலைவிட்டு எழுந்து போன நான், சூடு தாங்காமல் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். அவள் என் பாதத்தையே பார்த்தாள். தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் நடுவில் நிற்கவில்லை. கோல் கம்பத்துக்குக் கிட்டே போய் நின்றுகொண்டாள்.

கோச்சம்மா ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "எட்டு மேல போய்ட்டா! நடு காலிடி! நடுவுல வாங்க, நடுவுல வாங்க!"

வந்தார்கள். எங்கள் பெண்கள் யாரை யார் பிடிப்பது என்று தெரியாமல் ஒருத்திமேல் ஒருத்தி மோதிக்கொண்டார்கள். இரண்டு கோல் விழுந்தது. என் மகள் அடித்த ஒரே ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றோம்.

கடைசி விசில் ஒலித்ததும் கோச்சம்மா பக்கத்திலிருந்த பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு நடுவுல நின்னுருந்தா நமக்கு இன்னிக்கு ஒண்ணும் நடந்திருக்காது. எவனோ அவள மேல போகச் சொல்லிக்கிறான். அவன் நல்லா இருக்கட்டும்."

அந்த வாழ்த்து எனக்கு வந்தது. அப்படி ஒரு வாழ்த்தை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் ஹாலில் கூட்டம் வைத்தார்கள். ஒன்பதாம் நம்பர் பெண்ணுக்கு மாலை, சால்வை. கடிதமும் அவளுக்குத்தான். அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, "எட்டாம் நம்பர் அக்கா இல்லன்னா எனக்குப் பந்தே வராது சார்" என்றாள். "சரி சரி, உக்காரும்மா" என்று லாட்ஜ்காரர் மைக்கை வாங்கிக்கொண்டு பேசினார்.

"ஒருத்தி தன் பேருக்காக எடத்த உட்டுட்டு ஓடினா. அவளாலதான் கோப்பை போச்சு. யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

மகள் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் அதுவரை பேசியதே இல்லை.

"ஆமாங்க. அவ எடத்த உட்டதாலதான் தோத்தீங்க" என்றேன். "அவள மேல போக வச்சது நானு. கோல் போடறவரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு வேண்டிக்கினேன். என்னை அப்படி வேண்ட வச்சது நீங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. பாதி ஆட்டம் அவ நடுவுல இல்ல, அதுக்கே கோப்பை போச்சுன்றீங்களே, அப்ப இத்தினி நாளு ஜெயிச்சது யாராலங்க?"

கோச் தரையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பந்தைத் தொட்டாச்சும் பாத்துக்கிறியா? எனக்கு ஆட்டம் சொல்லித் தர்ற?" என்றார் லாட்ஜ்காரர். "கூட்டினு போங்கப்பா."

யாரும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. நாங்களே வெளியே வந்தோம்.

வழியில் மகள் முன்னால் நடந்தாள். பெரிய தெரு திரும்பும்போது கேட்டாள். "இதெல்லாம் உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பைனல் அன்னிக்கு. எதிராளி சொல்லித்தான்."

"எதிராளிக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சுது. நீ பெத்தவ."

வீட்டுக்கு வந்ததும் என் பையிலிருந்த செருப்பை எடுத்து என் முன்னால் எறிந்தாள்.

"போடு."

"சாமிகிட்ட சொன்னதுடி. எப்படி மீறுவேன்?"

"என்னைக் கேட்டா சொன்ன? நான் கோல் போடற ஆளு இல்ல. நாளைக்கும் போட மாட்டேன். சாவற வரைக்கும் வெறுங்காலோட நடப்பியா? நடக்கணும்னா நட. உன் காலை என் கால்ல கட்டாத."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் உச்சி வேளையில் கிரிவலம் கிளம்பினேன். ஜனங்கள் வெயில் தாழ்ந்துதான் போவார்கள். நான் தண்டனையாக அந்த நேரத்தைப் பார்த்துப் போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது பழைய கொப்புளமெல்லாம் உடைந்துவிட்டது. ராஜகோபுரத்தின் முன்னால் வந்து நின்று, "ஸ்வாமி, அவ என்ன வேலை செய்யறான்னு தெரியாமலே உன்கிட்ட கேட்டுட்டேன். அந்த வேண்டுதலை நீயே எடுத்துக்கோ" என்றேன். அப்புறம்தான் செருப்பைப் போட்டேன்.

கல்லூரி போனது போனதுதான். அவள் இப்போது கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அதே அணியில், அதே நடுவில் ஆடுகிறாள். அவள் இல்லாமல் இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு கோச்தான் வந்து கூப்பிட்டார், லாட்ஜ்காரர் வரவில்லை. என்னோடு வேண்டியதை மட்டும்தான் பேசுகிறாள்.

போன வாரம் ஆட்டம் பார்க்கப் போனேன். வேப்பமரத்துப் பக்கமே உட்கார்ந்தேன். பந்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். ஒரு தடவை அவள் பார்வை என் பக்கம் வந்தது. முகத்துக்கு வரவில்லை, காலுக்குப் போனது. செருப்பு இருந்தது. உடனே திரும்பிப் பின்வரிசைப் பெண்ணைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாடி வேடிக்கை? லெப்ட்ல வா!"